திரையிற் கற்றது கடையில் உதவுமா?

வாங்குவோர் தம் கண்ணையும் கையையும் நம்பிப் பண்டம் வாங்கிய காலம் ஒன்றிருந்தது. அரிசியை உள்ளங்கையில் இட்டு ஊதிப் பார்த்தனர்; புடவையை வெளிச்சத்திற் பிடித்து இழையை நோக்கினர்; மண்பானையை விரலால் தட்டி ஓசையைக் கேட்டனர். விற்பவர் எத்துணை வாய்ச்சாலம் உடையவராயினும், பொருளின் தரத்தை அறியும் வழி வாங்குவோர் கையிலேயே இருந்தது. இன்று எம் இல்லங்களுக்கு வரும் பொருள்களிற் பல அத்தகையன அல்ல. நீரிறைக்கும் பம்பி, கூரையிற் பொருத்தும் சூரியத் தகடு, மின்கலம், குளிர்சாதனப் பெட்டி என்பவற்றைத் தட்டிப் பார்த்துப் பயனில்லை. அவற்றின் உள்ளே நிகழ்வது யாதென்பது எம்மிற் பலருக்குத் தெரியாது. ஆதலால் விற்பவரின் சொல்லை நம்பியே பணத்தை எண்ணிக் கொடுக்கின்றோம்.

அவ்வாறாயின், அந்த விற்பனையாளருக்கு அப்பொருளைப் பற்றிக் கற்பித்தவர் யாவர்? எங்ஙனம் கற்பித்தனர்? அவர் உண்மையிற் கற்றுக்கொண்டாரா என்பதை எவ்வாறு அறிந்தனர்? இவ்வினாக்கள் வாணிகர்க்கு மட்டும் உரியன என்று விட்டுவிடல் ஆகாது. ஒரு குடும்பம் நகையை அடைவு வைத்தோ, மாதத் தவணைக்குக் கடன்பட்டோ வாங்கும் பொருள் தக்கதா தகாததா என்பது, கடையில் நிற்கும் ஓர் இளைஞரின் ஐந்து நிமிடப் பேச்சிலே தீர்மானமாகிவிடுகின்றது. அவ்விளைஞரும் எமக்குப் பிறர் அல்லர். உயர்தர வகுப்பை முடித்துவிட்டு முதல் வேலை தேடிச் செல்லும் எம் பிள்ளைகளே அவர்கள்.

இக்காலத்திற் கொம்பனிகள் பல, தம் விற்பனையாளரை ஓரிடத்திற் கூட்டி வகுப்பு நடத்துவதற்குப் பதிலாக, கைப்பேசிக்கோ கணினிக்கோ பாடத்தை அனுப்பிவிடுகின்றன. இதனையே இணையவழிப் பயிற்சி என்கின்றனர். இம்முறைக்கு நன்மைகள் உண்டு. பருத்தித்துறையில் உள்ளவரும் அம்பாந்தோட்டையில் உள்ளவரும் ஒரே பாடத்தை ஒரே நாளிற் கற்கலாம். பயணச் செலவு இல்லை. கடையைப் பூட்ட வேண்டியதில்லை. விளங்காத பகுதியை மீண்டும் பார்க்கலாம். ஆயினும் பாடம் சென்று சேர்ந்தது என்பதனால் அறிவு சென்று சேர்ந்தது என்று கொள்ளலாமா? "ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது" என்று எம் முன்னோர் கூறியது ஏட்டுக்கு மட்டுமன்றித் திரைக்கும் பொருந்தும். இத்தகைய பாடம் எங்ஙனம் அமைதல் வேண்டும், அது பயன் தந்ததா என்பதை எங்ஙனம் அறிதல் வேண்டும் என்பவற்றை, யாவரும் அறிந்த நீரிறைக்கும் பம்பியையே எடுத்துக்காட்டாகக் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

மனனஞ் செய்த விற்பனை

விற்பனையாளரைப் பயிற்றும் கலை இன்று நேற்றுத் தோன்றியதன்று. அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்திலே, டேற்றன் நகரில், ஜோன் பற்றர்சன் என்பவர் 1884ஆம் ஆண்டில் ஒரு சிறு தொழிலகத்தை வாங்கினார். கடைகளிற் பணத்தைப் பதிவுசெய்யும் இயந்திரத்தை அது செய்தது. அக்காலத்துக் கடைக்காரர் எவரும் கண்டிராத பொருள் அது. அதன் பயனை எடுத்துரைத்தாலன்றி எவரும் வாங்கார். பற்றர்சனின் மைத்துனரான ஜோசப் கிறேன் என்பவர் இயந்திரத்தை விற்பதில் வல்லவராயிருந்தார். அவர் கடைக்காரரிடம் பேசும் பேச்சை அப்படியே எழுதுவித்து, 1887ஆம் ஆண்டில் ஒரு சிறு கைந்நூலாக அச்சிட்டு, விற்பனையாளர் அனைவரும் அதனை மனனஞ் செய்தல் வேண்டும் என்று பற்றர்சன் விதித்தார். 1890களிலே விற்பனையாளருக்கென ஒரு பயிற்சிப் பள்ளியையும் நிறுவினார். பிற்காலத்தில் ஐ.பி.எம். நிறுவனத்தை வளர்த்தெடுத்த தோமஸ் வாட்சன் தம் தொழிலைக் கற்றுக்கொண்டது இப்பற்றர்சனின் நிறுவனத்திலேதான்.

அம்முறையின் சிறப்பை நாம் மறுப்பதற்கில்லை. கைவந்த ஒருவரின் அறிவு பலருக்குப் பொதுவாயிற்று. வாயில் வந்ததை உளறும் வழக்கம் குறைந்தது. ஆயினும் மனனஞ் செய்தவர் பேசக் கற்பாரேயன்றிக் கேட்கக் கற்பாரல்லர். எக்கடைக்கும் ஏறத்தாழ ஒரே வகையில் உதவும் பொருளை விற்பதற்கு மனனம் போதுமானதாயிருக்கலாம். வீட்டுக்கு வீடு தேவை வேறுபடும் பொருளுக்கு அது போதாது.

அதன்பின் இயந்திரங்கள் ஆசிரியத் தொழிலுக்குள் நுழைந்தன. 1920களிலே ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்துச் சிட்னி பிறெஸி, வினாவைக் காட்டி விடையைத் திருத்தும் சிறு இயந்திரம் ஒன்றைச் செய்தார். 1950களிலே ஸ்கின்னர் என்னும் உளவியலறிஞர், பாடத்தைச் சிறு சிறு படிகளாக்கி, ஒவ்வொரு படிக்கும் உடனே விடை சரியா பிழையா எனக் கூறும் போதனாப் பொறிகளை அமைத்தார். 1960ஆம் ஆண்டில் இல்லினோய்ஸ் பல்கலைக்கழகத்திலே 'பிளேட்டோ' என்னும் கணினிவழிப் போதனை தொடங்கிற்று. இணையம் பரவிய பின்னர், 2000ஆம் ஆண்டளவில், அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களத்தின் முயற்சியால் 'ஸ்கோர்ம்' என்னும் பொதுநியமம் வகுக்கப்பட்டது. ஒருவர் பாடத்தை முடித்தாரா, எத்தனை புள்ளி பெற்றார், எவ்வளவு நேரம் செலவிட்டார் என்பவற்றை எக்கணினியும் ஒரே வகையிற் பதிவுசெய்ய அது வழிவகுத்தது.

இங்கேதான் ஓர் இடர் தோன்றிற்று. எளிதிற் பதியக்கூடியது எதுவோ அதுவே வெற்றியின் அடையாளமாகிவிட்டது. "எம் விற்பனையாளரில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் பாடத்தை முடித்துவிட்டனர்" என்பது கேட்பதற்கு இனிய செய்தியே. ஆனால் முடித்தவர் கடையில் என்ன செய்கின்றார் என்பதை அத்தொகை கூறுவதில்லை. 1983ஆம் ஆண்டில் றிச்சட் கிளாக் என்னும் கல்வியியலறிஞர் இதனை வேறொரு வகையிற் சுட்டினார். கருவி என்பது பாடத்தை ஏற்றிவரும் வண்டி. கடைக்குப் பலசரக்கை எந்த வண்டி கொண்டுவந்தது என்பதைப் பொறுத்து உண்பவரின் உடல்நலம் மாறுவதில்லை என்பது அவர் கருத்தின் சாரம். வண்டியின் பளபளப்பை விடுத்து, அதிலே ஏற்றப்பட்டது யாதென நோக்குதல் வேண்டும்.

வாங்குபவர் கேட்பதும் கிணறு கேட்பதும்

பம்பிக்கு வருவோம். பொதுவாக இத்தகைய பாடம் எப்படி இருக்கும்? கொம்பனியின் வரலாறு, பம்பியின் மாதிரிகள், அவற்றின் நிறம், நிறை, உத்தரவாதக் காலம், பெயர்த்தகட்டில் உள்ள எண்கள் என்பன நாற்பது திரைகளில் ஒன்றன்பின் ஒன்றாக வரும். இறுதியிற் பத்து வினாக்கள். "இம்மாதிரியின் உச்ச ஏற்றம் யாது? 30 மீற்றரா, 35 மீற்றரா, 40 மீற்றரா?" சரியானதைத் தொட்டுவிட்டாற் சான்றிதழ் கிடைக்கும்.

இனி, அச்சான்றிதழ் பெற்றவர் முன் ஒரு தாய் வந்து நிற்கின்றார் எனக் கொள்வோம். அவர் வீட்டுக் கிணற்றிலே தை மாதத்தில் நீர்மட்டம் 18 அடி ஆழத்திலும், மழைக்கு முந்திய ஆவணி மாதத்தில் 27 அடி ஆழத்திலும் நிற்கின்றது. தொட்டி நிலத்திலிருந்து 18 அடி உயரத்தில் உள்ளது. அதன் கொள்ளளவு 1000 லீற்றர். அவருக்கு எந்தப் பம்பி பொருந்தும்? நாற்பது திரைகளிலும் இதற்கு விடை இல்லை.

விடை காண்பதற்கு வேண்டிய அறிவு பெரியதன்று. ஆனால் அது வேறு வகையானது. முதலாவது, பெயர்த்தகட்டில் உள்ள எண்களின் பொருள். 'உச்ச ஏற்றம் 40 மீற்றர், உச்சப் பாய்ச்சல் நிமிடத்துக்கு 40 லீற்றர்' என்றிருந்தால், 40 மீற்றர் உயரத்துக்கு நிமிடந்தோறும் 40 லீற்றர் வரும் என்றே பலரும் எண்ணுவர். உண்மை அதுவன்று. உச்ச ஏற்றத்திலே பாய்ச்சல் இல்லை; உச்சப் பாய்ச்சலிலே ஏற்றம் இல்லை. இரண்டுக்கும் இடைப்பட்ட நிலையிலேயே பம்பி வேலை செய்யும். எவ்வுயரத்தில் எவ்வளவு நீர் வரும் என்பதை அதன் வரைபே காட்டும். அவ்வரைபை வாசிக்கத் தெரியாத விற்பனையாளர் இரண்டு உண்மையான எண்களைக் கூறியே ஒரு பொய்யான நம்பிக்கையை ஊட்டிவிடக்கூடும்.

இரண்டாவது, உறிஞ்சும் எல்லை. நிலத்தில் வைத்த பம்பி நீரை இழுப்பதாக நாம் கூறினும், உண்மையில் வளிமண்டலத்தின் அழுக்கமே நீரைக் குழாயினுள் மேலே தள்ளுகின்றது. இத்தாலிய நாட்டுப் பம்பித் தொழிலாளர் ஒரு குறித்த ஆழத்துக்குக் கீழிருந்து நீர் ஏறாமையைக் கண்டனர். கலிலியோவும் அதனை எழுதினார். 1643ஆம் ஆண்டில் ரொறிசெல்லி இரசக் குழாயைக் கொண்டு காரணத்தை விளக்கினார். கணக்கின்படி அவ்வெல்லை ஏறத்தாழ 10.3 மீற்றர், நடைமுறையில் ஏறத்தாழ 7 மீற்றர், அதாவது 23 அடி. அரைப் பரிவலுப் பம்பியானாலும் இரண்டு பரிவலுப் பம்பியானாலும் இவ்வெல்லை மாறாது. ஆகவே அத்தாயின் வீட்டிலே நிலத்தில் வைத்த சாதாரண பம்பி தை மாதத்தில் நன்றாக வேலை செய்யும், ஆவணியில் நின்றுவிடும். நீரின்றி ஓடினால் அதன் உட்பாகங்களும் பழுதாகும். அங்கே வேண்டியது கூடிய வலுவன்று. பம்பியைக் கிணற்றுக்குள் தாழ்த்தி வைத்தல் வேண்டும், அன்றேல் நீருள் அமிழ்த்தும் வகையை வாங்குதல் வேண்டும்.

மூன்றாவது, வலுவின் அளவு. 27 அடியும் 18 அடியும் சேர்ந்து 45 அடி; குழாயின் உராய்வுக்கு 4 அடி கூட்டினால் 49 அடி, அதாவது ஏறத்தாழ 15 மீற்றர். 1000 லீற்றர்த் தொட்டி அரைமணி நேரத்தில் நிரம்புவதற்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 33 லீற்றர் போதும். இதனை உயர்த்துவதற்கு நீருக்குக் கிடைக்கவேண்டிய வலு ஏறத்தாழ 82 வாற்று. பம்பியின் வினைத்திறன் நூற்றுக்கு 30 எனக் குறைத்து மதித்தாலும் வேண்டியது 273 வாற்றே. ஒரு பரிவலு என்பது 746 வாற்று. ஆகவே அவ்வீட்டுக்கு அரைப் பரிவலுவே தாராளம். குழாயைச் சுருக்கினால் மட்டும் இக்கணக்குப் பிழைக்கும். ஒரே அளவு நீர் பாயும்போது குழாயின் விட்டத்தைப் பாதியாக்கினால் உராய்வால் ஏற்படும் இழப்பு ஏறத்தாழ 32 மடங்காகும்.

நான்காவது, நிலத்தின் இயல்பு. யாழ்ப்பாணக் குடாநாட்டிலே சுண்ணக்கற் பாறைகளினுள் மழைநீராற் சேர்ந்த நன்னீர், உவர்நீரின்மேல் ஒரு வில்லைபோல் மிதந்து நிற்கின்றது. நன்னீர்மட்டம் 1 அடி தாழ்ந்தால், சமநிலைக் கணக்கின்படி, கீழுள்ள உவர்நீர் ஏறத்தாழ 40 அடி மேலெழக்கூடும். வேண்டிய அளவினும் பெரிய பம்பியை வாங்கி அளவின்றி இறைப்பவர் தம் கிணற்றை மட்டுமன்றி அயலவர் கிணற்றையும் உவராக்க நேரலாம். பெரிய பம்பியை விற்றால் விற்பனையாளருக்குத் தரகு கூடும். அதனால் வரும் தீங்கு அவர் கணக்கிலே பதியப்படுவதில்லை.

பாடத்தை முடிவிலிருந்து தொடங்குதல்

இவ்வறிவை விற்பனையாளருக்கு ஊட்டும் பாடம் எங்கே தொடங்கல் வேண்டும்? முடிவிலே தொடங்கல் வேண்டும். 1962ஆம் ஆண்டில் றொபேட் மேகர் என்பவர் போதனை நோக்கங்களை எழுதும் முறை பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். கற்பவர் என்ன செய்வார், எத்தகைய சூழ்நிலையிற் செய்வார், எவ்வளவு செவ்வையாகச் செய்தாற் போதும் என்னும் மூன்றையும் நோக்கம் கூறுதல் வேண்டும் என்பது அவர் கொள்கை. 'பம்பியின் சிறப்பியல்புகளை அறிந்துகொள்வார்' என்பது இம்மூன்றில் ஒன்றையும் கூறவில்லை. அறிந்தாரா இல்லையா என்பதை எவர் காண்பது?

அதற்குப் பதிலாக இங்ஙனம் எழுதுவோம்: 'வாங்க வந்தவரிடம் கோடைக்கால நீர்மட்டம், தொட்டியின் உயரம், குழாயின் நீளமும் விட்டமும், ஒரு நாளைக்கு வேண்டிய நீர், வீட்டின் மின்னிணைப்பு ஆகிய ஐந்தையும் வினாவி, விலைப்பட்டியலையும் வரைபையும் கையில் வைத்துக்கொண்டு, பத்து நிமிடங்களுக்குள் பொருத்தமான பம்பியைத் தெரிந்தெடுப்பார், ஐந்து சந்தர்ப்பங்களில் நான்கிலேனும் அத்தெரிவு சரியாயிருக்கும், பொருத்தமானது கடையில் இல்லையெனின் இல்லை என்று கூறுவார்.' இப்பொழுது பாடத்தில் எது வேண்டும், எது வேண்டா என்பது தானே தெளிவாகின்றது. கொம்பனியின் வரலாற்றை நீக்கிவிடலாம். பம்பியின் நிறத்தையும் நிறையையும் பட்டியலிற் பார்த்துக்கொள்ளலாம். வரைபை வாசிக்கும் பயிற்சியை விடவே முடியாது.

அடுத்து, கடையில் நிகழ்வதைப் போன்ற நிகழ்ச்சிகளைத் திரையிற் காட்டிக் கற்பவரையே தீர்மானிக்கச் செய்தல் வேண்டும். ஓர் அம்மா வந்து, "தம்பி, வீட்டுக்கு ஒரு மோட்டர் வேணும். பக்கத்து வீட்டிலை ஒரு எச்.பி. எடுத்திருக்கினம், அதையே தாங்கோ" என்கின்றார். கற்பவர் முன் மூன்று மறுமொழிகள் வைக்கப்படும். "ஓம் அம்மா, உடனை எடுத்துத் தாறன், அதுதான் நல்லா விக்குது" என்பது ஒன்று. "அதைவிடப் பெரிசாய் எடுங்கோ அம்மா, பிறகு கரைச்சல் இராது" என்பது மற்றொன்று. "எடுக்கலாம் அம்மா. அதுக்கு முதல், உங்கடை கிணத்திலை கோடைக்குத் தண்ணி எத்தனை அடியிலை நிக்கும்?" என்பது மூன்றாவது. முதலிரண்டில் ஒன்றைத் தெரிந்தவருக்குச் 'சரி', 'பிழை' என்று மட்டும் கூறி விட்டுவிடாது, ஆவணி மாதத்தில் அவ்வம்மா பழுதான பம்பியுடன் திரும்பி வருவதைக் காட்டுதல் வேண்டும். தம் சொல்லின் விளைவைக் கண்டவர் அதனை எளிதில் மறவார்.

மறதியைப் பற்றியும் சிந்தித்தல் வேண்டும். ஜேர்மனிய அறிஞர் எபிங்கவுஸ் 1885ஆம் ஆண்டில், பொருளற்ற அசைகளைத் தாமே மனனஞ் செய்து, அவை எவ்வளவு விரைவாக மறக்கப்படுகின்றன என்பதை அளந்து வெளியிட்டார். கற்றவுடனேயே மறதி பெருமளவில் நிகழ்ந்து, பின்னர் அதன் வேகம் தணிகின்றது. 2006ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர்களான றொடிகரும் கார்ப்பிக்கியும் மாணவரைக் கொண்டு ஓர் ஆய்வு செய்தனர். ஒரு பகுதியை மீண்டும் மீண்டும் வாசித்தவர் ஐந்து நிமிடத்தின் பின் நடந்த பரீட்சையில் முந்தினர். வாசித்தபின் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவரோ ஒரு வாரத்தின் பின் நடந்த பரீட்சையில் முந்தினர். ஆகவே ஒரே நாளில் இரண்டு மணி நேரப் பாடமாகத் திணித்தல் வீண். பத்து நிமிடப் பாடங்களாகப் பிரித்து, மூன்றாம் நாளிலும் பத்தாம் நாளிலும் முப்பதாம் நாளிலும் புதிய கிணறு ஒன்றைக் கணக்காகக் கொடுத்து, நினைவிலிருந்து விடை கூறச் செய்தலே நன்று.

மொழியிலும் கருத்து வேண்டும். பட்டியல் மீற்றரிற் பேசும்; கிணற்றுக்காரர் அடியிற் பேசுவார். ஒரு மீற்றர் 3.28 அடி என்பதைக் கற்பவர் தடையின்றி மாற்றப் பழகுதல் வேண்டும். பிற நாட்டிற் செய்த பாடத்தைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து வைத்தாற் போதாது; வாங்குவோர் கடையிற் கேட்கும் சொற்களிலேயே நிகழ்ச்சிகள் அமைதல் வேண்டும். திரையில் எழுதியிருப்பதையே குரலும் வாசித்துக்கொண்டிருந்தால் கற்பவருக்கு அது சுமையாகும். படமும் அதனை விளக்கும் குரலும் சேர்ந்திருப்பதே பெரும்பாலும் நன்று என்பதை றிச்சட் மேயர் என்னும் உளவியலறிஞரின் ஆய்வுகள் காட்டியுள்ளன.

நான்கு படிகள்

பாடம் அமைந்துவிட்டது. அது பயன் தந்ததா? இதற்கு விடை காணும் வழியை விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்து டொனல்ட் கேர்க்பற்றிக் 1959ஆம் ஆண்டு முதல் எழுதிய நான்கு கட்டுரைகளில் வகுத்தார். அவர் கூறிய நான்கு படிகள் இன்றும் பயிற்சித் துறையில் வழங்கி வருகின்றன.

முதற்படி, கற்றவர் பாடத்தை விரும்பினாரா என்பது. இதனை அறிதல் எளிது. வினாத்தாள் ஒன்றிற் கேட்டுவிடலாம். ஆயினும் சுவையான பாடம் யாவும் பயனுள்ள பாடமன்று.

இரண்டாம் படி, கற்றாரா என்பது. இதற்குப் பாடத்தின் பின் மட்டுமன்றி, முன்னரும் ஒரு சோதனை வைத்தல் வேண்டும். முன்னரே எண்பது புள்ளி பெறக்கூடியவர் பின்னரும் எண்பது பெற்றால், அது பாடத்தின் வெற்றியன்று. வினாக்களும் எண்களை ஒப்புவிப்பனவாக அன்றி, முன் காணாத கிணறு ஒன்றுக்குப் பம்பி தெரிவனவாக இருத்தல் வேண்டும்.

மூன்றாம் படி, கற்றதைத் தொழிலிற் செய்கின்றாரா என்பது. இப்படியைத்தான் பலரும் தாண்டிச் சென்றுவிடுகின்றனர். ஆறு வாரம் கழித்து, விற்பனையாளர் அறியாத ஒருவரை வாங்குபவர் போல அனுப்பி, ஐந்து வினாக்களில் எத்தனை கேட்கப்பட்டன என எண்ணிப் பார்க்கலாம். இத்தகைய நோட்டம் நடைபெறும் என்பதை விற்பனையாளர் அனைவருக்கும் முன்கூட்டியே அறிவித்தலும், அதன் முடிவைத் தண்டிப்பதற்கன்றித் திருத்துவதற்கே பயன்படுத்தலும் நீதியாகும். பற்றுச்சீட்டின் பின்புறத்தில் நீர்மட்டமும் தொட்டியின் உயரமும் எழுதப்பட்டுள்ளனவா என்று பார்த்தல் இன்னும் எளிய வழி.

நான்காம் படி, விளைவு. எத்தனை பம்பிகள் விற்றன என்பதுடன், எத்தனை திரும்பி வந்தன, எத்தனை முதற்கோடையிலேயே பழுதாகின என்பவற்றையும் கணக்கிடல் வேண்டும். இதிலே ஓர் எச்சரிக்கை உண்டு. பயிற்சிக்குப் பின் விற்பனை கூடினால் அது பயிற்சியின் பயன் என்று உடனே மகிழ்தல் தவறு. அவ்வாண்டு மழை பொய்த்திருக்கலாம்; விலை குறைந்திருக்கலாம். ஏறத்தாழ ஒத்த கிளைகளை இரண்டு தொகுதியாக்கி, ஒரு தொகுதிக்கு இப்பொழுதும் மற்றொன்றுக்கு மூன்று மாதம் கழித்தும் பாடத்தை வழங்கி, அவ்விடைக்காலத்தில் இரண்டையும் ஒப்பிட்டால் உண்மை புலனாகும். இதற்குப் பெருஞ் செலவு இல்லை, பொறுமையே வேண்டும்.

எதை அளக்கின்றோமோ அதுவே விளையும்

இங்கே வாணிகர் ஒருவர் எம்மை மறித்து, "ஐயா, நாம் கடை வைத்திருப்பது விற்பதற்கு. 'இது உங்கள் கிணற்றுக்குப் பொருந்தாது' என்று சொல்லும் பையன் எனக்கு நட்டத்தையல்லவா தருவான்?" என்று கேட்கலாம். இக்கேள்வியைப் புறக்கணித்தல் நேர்மையன்று. அன்றைய நாளின் கணக்கில் அவருக்கு நட்டமே. ஆனால் திரும்பி வந்த பம்பியை மாற்றிக் கொடுக்கும் செலவும், உத்தரவாதக் காலத்துத் திருத்த வேலையும், கிராமத்திலே ஒரு வீட்டின் மனக்குறை பத்து வீட்டுக்குப் பரவுவதும் அக்கணக்கில் இல்லை. ஓராண்டுக் கணக்கையும் சேர்த்துப் பார்ப்பவருக்கு விடை மாறக்கூடும். மாறாத இடத்திலும், அறியாதவருக்குத் தகாததை விற்றுப் பெற்ற பணம் நேர்மையான ஊதியமன்று என்பதைச் சொல்லாமல் விடுவதற்கில்லை.

இதிலிருந்து பெறப்படும் உண்மை ஒன்றுண்டு. மாதம் எத்தனை பம்பி விற்றார் என்பதை மட்டும் அளந்து தரகு கொடுக்கும் கடையிலே, எத்துணைச் சிறந்த பாடமும் பயனளியாது. திரையிலே 'வினாவுக' என்று கற்பித்துவிட்டுக் கடையிலே 'விரைந்து விற்றுவிடு' என்று முதலாளி பணித்தால், இளைஞர் முதலாளியின் சொல்லையே கேட்பார். வேறு செய்ய அவரால் இயலாது. கற்றதைச் செய்வதற்கு மேலாளர் இடங்கொடுக்கின்றாரா, தடுக்கின்றாரா என்பதைப் பொறுத்தே நடத்தை மாறும் எனக் கேர்க்பற்றிக்கும் வற்புறுத்தினார். ஆதலாற் பாடம் பயன் தரவில்லையெனக் கண்டால், கற்றவரைக் கடிவதன் முன் கடையின் ஒழுங்கையும் நோக்குதல் வேண்டும்.

ஆசிரியத் தொழிலில் உள்ள எமக்கும் இதிலே ஒரு பாடம் உண்டு. எம் பாடசாலைகளிலே நாம் பெரும்பாலும் இரண்டாம் படியுடன் நின்றுவிடுகின்றோம். வளிமண்டல அழுக்கத்தைப் பற்றி எழுதி நிறைந்த புள்ளி பெற்ற மாணவர், தம் வீட்டுப் பம்பி கோடையில் ஏன் நீர் இறைக்கவில்லை என்பதைத் தாமே கூறுகின்றாரா என நாம் கேட்பது அரிது. கேட்டிருந்தால், அம்மாணவர் விற்பனையாளராகும் காலத்தில் அவருக்குக் கற்பிக்கவேண்டியது பாதியாகக் குறைந்திருக்கும்.

வாசகர்களுக்கு இரண்டு வார்த்தை கூறுவோம். பம்பி வாங்கச் செல்வதன் முன், ஆவணி மாதத்திலே கயிற்றில் ஒரு கல்லைக் கட்டிக் கிணற்றில் இறக்கி, நீர்மட்டம் எத்தனை அடியில் உள்ளது என அளந்து குறித்து வையுங்கள். தொட்டியின் உயரத்தையும் குழாயின் அளவையும் அதே தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கடையில் உள்ளவர் அவற்றைக் கேட்காவிடின், நீங்களே தாளை நீட்டி, "இவ்வுயரத்துக்கு நிமிடத்துக்கு எத்தனை லீற்றர் வரும்? வரைபைக் காட்டுங்கள்" என்று கேளுங்கள்.

அத்தகைய வேலைக்குச் செல்லும் எம் பிள்ளைகளுக்கும் ஒன்று கூறுவோம். கைப்பேசியில் வரும் பாடத்தை முடித்துச் சான்றிதழ் பெற்றதோடு நின்றுவிடாதீர்கள். அடுத்த விடுமுறை நாளில் உங்கள் வீட்டுக் கிணற்றையும், அயலவர் கிணறுகள் நான்கினையும் அளந்து, ஒவ்வொன்றுக்கும் எந்தப் பம்பி பொருந்தும் என்று பட்டியலைக் கொண்டு கணக்கிட்டுப் பாருங்கள். பிழைத்த இடத்தைத் தெரிந்தவரிடம் கேட்டுத் திருத்திக்கொள்ளுங்கள். ஐந்து கிணறுகளுக்கும் சரியாகத் தெரிந்தெடுக்கும் நாளில், நீங்கள் அத்தொழிலைக் கற்றுவிட்டீர்கள் என்று நாமும் ஒப்புக்கொள்வோம்.